புள்ளி வருகிறது, பேச்சு வரவில்லை: ஆறாம் தர ஆங்கில ஆசிரியைக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தரம் 6க்கு ஆங்கிலம் படிப்பிக்கிறீர்கள். தவணைப் பரீட்சையில் பிள்ளைகள் எழுபது, எண்பது என்று எடுக்கிறார்கள். எழுந்து நின்று இரண்டு வசனம் பேசச் சொன்னால் மேசையைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் 'தொடர்பாடல் திறன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்; அது என்ன, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை எப்படி வளர்ப்பது? வகுப்பில் தமிழை அனுமதிக்கலாமா? பெற்றோர் வேறு, பிள்ளையை இருமொழிக் கல்வியில் (சில பாடம் ஆங்கிலத்தில், சில பாடம் தமிழில்) சேர்க்கட்டுமா, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தட்டுமா என்று உங்களையே கேட்கிறார்கள்.

இருபத்தைந்து வருடமாக இதே ஊரில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நடுவில் சில வருடங்கள் சனிக்கிழமைகளில் சிங்கள அரச ஊழியர்களுக்குத் தமிழும் படிப்பித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாமல் இருப்பது இரண்டாவது பிரச்சினை. அந்த வகுப்பறைக்குள் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்ற நிலை ஒரு நாளும் வருவதில்லை. முதல் பிரச்சினை அதுதான். பேனையைத் தூக்கிப் பிடித்து "வட் இஸ் திஸ்?" என்று கேட்கிறோம். அது பேனை என்பது எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். அதற்குப் பிள்ளை சொல்லும் விடை பேச்சு ஆகாது. அது வாயால் எழுதும் பரீட்சை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஜெம்பட்டா வீதிப் பக்கம் வீடு. இரண்டாம் மொழிச் சிங்களத்தில் வகுப்பிலேயே ஆகக் குறைந்த புள்ளி அவனுக்குத்தான். ஒரு பின்னேரம் அந்த ஒழுங்கையால் நான் நடந்து வரும்போது கிரிக்கெட் பந்து ஒரு சிங்கள வீட்டு மதிலுக்கு மேலால் போய் உள்ளே விழுந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இவனைத்தான் தள்ளிவிட்டார்கள். கேற்றடியில் போய் நின்று, "ஆன்ட்டி, போலே பொட்டக் தென்னகோ" என்றான். அந்த அம்மா ஏதோ ஏசினார். இவன் தலையைச் சரித்து, ஒரு சிரிப்போடு, இன்னும் இரண்டு வசனம் சொன்னான். பந்து வந்தது.

அந்த ஒரு வரியை உடைத்துப் பாருங்கள். 'போலே' என்றால் பந்து. 'தென்ன' என்றால் தாருங்கள். 'பொட்டக்' என்றால் கொஞ்சம். சிங்களத்தில் கேட்பதை மென்மையாக்குவது பெரும்பாலும் இந்தச் சொல்தான். கடைசியில் ஒட்டிய 'கோ' கெஞ்சல். நாங்கள் 'தாங்க' என்பதைத் 'தாங்களேன்' ஆக்குவதுபோல. பாடப்புத்தகத்தில் அவன் படித்தது 'கருணாகர' என்ற சொல்லை. தயவுசெய்து என்று பொருள், பிழையே இல்லை. ஆனால் மதிலடியில் நின்று 'கருணாகர' என்று தொடங்கியிருந்தால் அறிவித்தல் பலகை வாசித்ததுபோல இருந்திருக்கும். யாரிடம், எந்த நேரத்தில், எதற்காக, எந்தத் தொனியில் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. வினாத்தாள் அதைக் கேட்கவே இல்லை.

அமெரிக்க மானிடவியல் மொழியறிஞர் டெல் ஹைம்ஸ் 1960களில் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி மொழித்திறனை விளக்கியது, இலக்கணத்துக்குப் பொருந்திய வசனம் எது, பொருந்தாதது எது என்று மனத்துக்குள் இருக்கும் அறிவாக. ஹைம்ஸ் எதிர்க்கேள்வி போட்டார். இலக்கணப்படி அமைகிற எல்லா வசனங்களையும் இடம் பொருள் பாராமல் பேசிக்கொண்டு திரியும் ஒரு பிள்ளையை என்னவென்று சொல்வீர்கள்? எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, யாரோடு எதை எப்படிப் பேசுவது என்பதும் பிள்ளை கற்கும் அறிவுதானே? அதற்குத்தான் தொடர்பாடல் திறன் என்று பெயர் வைத்தார். இடமறிந்து, அவையறிந்து பேசு என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதிதில்லை. இரண்டாம் மொழி வகுப்புக்குள் அது ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

1980இல் கனடாவில் மொழிக் கல்வி ஆய்வாளர்கள் மைக்கேல் கனேலும் மெரில் ஸ்வெயினும் இந்தத் திறனை ஆசிரியருக்குப் பயன்படும்படி பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். 1983இல் கனேல் இன்னொரு பகுதியைச் சேர்த்தார். இலக்கணத் திறன், சமூக வழக்குத் திறன், சமாளிக்கும் திறன், கோவைப்படுத்தும் திறன் என்று நான்கு. இலக்கணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் பிள்ளைகளிடம் அது இருக்கிறது. கோவைப்படுத்துவது பற்றி ஒன்று மட்டும்: எங்கள் பிள்ளைகள் 'எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்சு, பஸ் ஏறி' என்று எச்சங்களைக் கோர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் நிறுத்துவார்கள். ஆங்கிலத்தில் அது 'அண்ட், அண்ட் தென், அண்ட்' என்று வந்து விழும். பிள்ளை தமிழை நன்றாகக் கையாளுகிறது என்பதற்கு அது அடையாளம். ஆங்கிலத்தில் எங்கே நிறுத்தி எங்கே தொடங்குவது என்று காட்டினால் போதும், ஏச வேண்டாம்.

சமூக வழக்கில்தான் நாங்கள் ஆகக் குறைந்த நேரம் செலவழிக்கிறோம். பிள்ளைகள் ஆகக் கூடுதலாக அடிபடுவதும் அதில்தான். 'தாங்க' என்ற சொல்லில் மரியாதை எங்கே இருக்கிறது? கடைசி 'ங்க'வில். வினைச்சொல்லின் வாலிலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. சிங்களத்திலும் அப்படித்தான்: 'தென்ன' என்றால் தாருங்கள், 'தீபன்' என்றால் தாடா. ஆங்கிலத்தின் 'கிவ்' என்ற சொல்லுக்கு அந்த வால் இல்லை. மனதில் 'தாங்க' என்று நினைத்துக்கொண்டு, முழு மரியாதையோடுதான் பிள்ளை 'கிவ் மீ தி புக்' என்கிறது. கேட்கிறவருக்கு அது அதட்டல். பிள்ளையிடம் மரியாதை இருக்கிறது, அதை வைக்கும் இடம் தெரியவில்லை. ஆங்கிலம் அதை வினைக்கு முன்னால், 'குட் யூ', 'கேன் ஐ' என்று வைக்கும் என்று ஒருமுறை கரும்பலகையில் மூன்று மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளைகளின் முகத்தில் விளக்கு எரிவதைப் பார்ப்பீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பக்கம். ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது நாங்கள் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாறேன்' என்போம். சிங்களத்தில் 'கிஹின் என்னம்'. அதே போய், அதே வருகிறேன். எனக்கு ஏலாது என்பதற்கு 'மட்ட பே', எனக்கு வேணாம் என்பதற்கு 'மட்ட எபா'. இரண்டு மொழியிலும் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது. 'என்று' வரும் இடத்தில் 'கியலா' வரும். ஒன்று திராவிட மொழி, மற்றது இந்தோ ஆரிய மொழி. ஆனாலும் ஒரே தீவில் நூற்றாண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றின் சாயல் மற்றதில் ஏறியிருக்கிறது. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் வெளிமொழி மாதிரிப் பயமுறுத்தத் தேவையில்லாத மொழி. பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டது. இதை எந்த இரண்டாம் மொழி வகுப்பிலும் யாரும் பிள்ளைக்குச் சொல்லாதது எனக்கு இன்றும் வேதனை.

சமாளிக்கும் திறன் என்பது சொல் வராத இடத்தில் பேச்சை அறுந்துபோக விடாமல் வைத்திருப்பது. கத்தரிக்கோலுக்குச் சொல் தெரியாவிட்டால் 'தி திங் டு கட் பேப்பர்' என்று சொல்லிக் கையால் வெட்டிக் காட்டுவது. விளங்காவிட்டால் 'சொரி, வன்ஸ் மோர்' என்பது. எங்கள் வகுப்பில் சொல் தெரியாத பிள்ளை அமைதியாகிவிடுகிறது. தெரியாதது தோல்வி என்று பழக்கிவிட்டோம். 'சொரி, வன்ஸ் மோர்', 'வட் டு யூ கோல் திஸ்', 'ஸ்லோலி ப்ளீஸ்' ஆகிய மூன்றையும் முதல் வாரமே சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைக்குக் கைப்பிடிபோல உதவும். நான் ஒட்டியதை ஒரு வருடம் முழுக்கக் கழற்றவில்லை.

இனி வகுப்பு. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், பக்கத்து வகுப்பின் சத்தம் மறைப்புக்கு மேலால் வரும். நான் செய்கிற ஒரு பாடத்தை அப்படியே சொல்கிறேன்.

புறக்கோட்டையில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை விளையாட்டுப் போட்டி அன்று எங்கள் இல்லத்து அணிக்குத் தேத்தண்ணியும் சிற்றுண்டியும் கொடுக்கச் சாமான் வாங்க வேண்டும். இருபது சோடிப் பிள்ளைகள். ஒருவர் கையில் ஒரு துண்டு, மற்றவர் கையில் வேறு துண்டு. முதல் துண்டில் சீனி, தேயிலை, பிஸ்கட் விலை இருக்கும். பால்மா, வாழைப்பழம், கடதாசிக் கப் விலை வெறுமையாக இருக்கும். மற்றத் துண்டில் நேர்மாறு. கையில் உள்ள பணம் இவ்வளவு என்று கரும்பலகையில் எழுதுவேன். ஆறு விலையும் தெரியாமல் எதை வாங்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்க முடியாது. அதனால் கேட்டே ஆக வேண்டும். இதைத்தான் தகவல் இடைவெளி என்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது, வேலை முடிய இரண்டும் வேண்டும்.

முதல் நாள் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன், மனம் தளர வேண்டாம். பிள்ளைகள் துண்டை மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு 'டேய், சீனி எவ்வளவுடா' என்று தமிழில் கேட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதில் குற்றம் இல்லை; ஆகச் சுருக்கமான வழியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் நாள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வையுங்கள். துண்டைக் காட்ட முடியாது. தேவையான ஐந்து வசனத்தைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் இரண்டு தரம் சேர்ந்து சொல்ல வையுங்கள். பிறகு கடைக்காரர் சிங்களவர், தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான் இடையில் என்று கதையை மாற்றுங்கள். கொழும்பில் அது கதையும் இல்லை, தினம் நடப்பது. ஆங்கிலத்தை அரசியலமைப்பே இணைப்பு மொழி என்றுதான் சொல்கிறது. பிள்ளைக்கு அந்த நியாயம் உடனே விளங்கும்: தமிழ் தெரிந்த நண்பனோடு ஆங்கிலம் பேசுவது வேஷம், தமிழ் தெரியாத கடைக்காரரோடு பேசுவது தேவை.

சத்தம் வரும். வரட்டும். அதிபரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாற்பது பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. சோடியாகப் பேசினால் ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுகிறார்கள். வாய் பழகும் கணக்கு அது.

நடுவில் திருத்தாதீர்கள். நான் ஒரு சிறு கொப்பியோடு வரிசைகளுக்கு நடுவே நடப்பேன், காதில் விழும் பிழைகளை எழுதிக்கொள்வேன். கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று பிழையை மட்டும், யார் சொன்னது என்று சொல்லாமல், பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்வேன். பிள்ளை வாய் திறந்த கணத்திலேயே 'ஹீ கோ இல்ல, ஹீ கோஸ்' என்று வெட்டினால் அது அடுத்த முறை வாய் திறக்காது. ஆங்கிலத்தைச் சிங்களப் பேச்சுவழக்கில் 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். எழுதத் தெரிந்த ஆங்கிலத்தைப் பேசப் பயப்படும் பிள்ளைக்கு அந்த வாள் யார் கையில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். வகுப்பறையில் அதை நாங்கள் கீழே வைக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் இலக்கணம் கெட்டுவிடும், பரீட்சையில் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. சாண்ட்ரா சவிஞ்ஞோன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்த மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். 1972இல் வெளிவந்த ஆய்வு. எல்லோருக்கும் வழமையான பாடம் ஒன்றே. ஒரு குழுவுக்கு மட்டும் வாரத்தில் ஒரு மணி நேரம் உண்மையான காரியத்துக்காகப் பேசும் பயிற்சி. கடைசியில் இலக்கணத் தேர்வில் குழுக்களிடையே வித்தியாசம் இல்லை, பேசிக் காரியம் முடிக்கும் தேர்வில் அந்தக் குழு தெளிவாக முன்னால் நின்றது. வாரத்துக்கு ஒரு பாடவேளையை நீங்களும் இப்படி ஒதுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

இன்னொரு சிறிய விஷயம், செலவே இல்லாதது. கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் விடை நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது அந்தப் பிள்ளைகள் படிக்கும் மொழியிலேயே நடந்த வகுப்பு. இரண்டாம் மொழியில் பிள்ளை முதலில் கேட்டதை விளங்க வேண்டும், பிறகு சொல் தேட வேண்டும், பிறகு துணிய வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

தமிழை வகுப்பில் அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பணியை விளக்கத் தமிழ், நகைச்சுவைக்குத் தமிழ், அழும் பிள்ளையைத் தேற்றத் தமிழ். துண்டைக் கையில் எடுத்தபின் ஆங்கிலம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆங்கில வகுப்புகளைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். மாணவர்கள் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் தமிழில் குறிப்பும் படமும் கிறுக்கித் தங்கள் உலகத்தை அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களும் ஆங்கிலம் மட்டும் என்று சொல்லிக்கொண்டே தேவையான இடத்தில் தமிழுக்கு மாறி மாறித்தான் படிப்பித்தார்கள். மறைவாக நடப்பதை வெளிப்படையாக, எதற்குத் தமிழ் எதற்கு ஆங்கிலம் என்று வகுத்து நடத்துவது நல்லது.

இருமொழிக் கல்வி பற்றி. சுதந்திரத்துக்கு முன் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா காலத்திலிருந்து படிப்படியாகத் தாய்மொழி மூலத்துக்கு மாறிய நாடு இது. அரச பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மறுபடி திறந்தது 2001இல் உயர்தர விஞ்ஞானத்தோடும் 2002இல் தரம் 6 முதல் சில பாடங்களோடும். கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில், தாய்மொழியும் சமயமும் வரலாறும் தமிழில் என்பதால்தான் அது இருமொழிக் கல்வி. பெற்றோர் இதை 'இங்கிலீஷ் மீடியம்' என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். தமிழ்ப் பாதி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது இரண்டு வகை மொழி. விளையாட்டு மைதானத்தில் பேசும் அன்றாட மொழி ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடம் படிக்கும் மொழி, அதாவது ஒப்பிடவும் காரணம் காட்டவும் வாதிக்கவும் தேவையான மொழி, வர ஐந்து முதல் ஏழு வருடம் எடுக்கும். அவர் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம்: ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற சிந்தனை மற்ற மொழிக்குக் கைமாறும், இரண்டு மொழிக்கும் அடியில் ஒரே கிணறு. ஆனால் கம்மின்ஸின் வரிசையைக் கொழும்புக்கு அப்படியே கொண்டுவர முடியாது. டொரொன்டோவில் மைதானத்திலும் ஆங்கிலம். கொட்டாஞ்சேனையில் மைதானத்தில் தமிழும் சிங்களமும். எங்கள் பிள்ளைகள் அன்றாட ஆங்கிலம் இல்லாமலே பாட ஆங்கிலத்துக்குள் போகிறார்கள், மாடிப்படியை நடுவிலிருந்து ஏறுவதுபோல.

ஒரு மாணவி இருமொழிப் பிரிவில் தரம் 8. விஞ்ஞானக் கொப்பி அவ்வளவு அழகு. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றதும் வரைவிலக்கணத்தை ஒரு மூச்சில் சொன்னாள். 'அப்போ வீட்டுக்குள்ள இருட்டில வச்ச செடி ஏன் வெளிறிப்போகுது?' என்று தமிழில் கேட்டேன். விழித்தாள். ஒளித்தொகுப்பு என்ற சொல் அவளுக்குத் தெரியாது, அது போகட்டும். செடி வெயிலை வைத்துச் சாப்பாடு செய்கிறது என்ற விஷயமே எந்த மொழியிலும் உள்ளே போயிருக்கவில்லை. ஒரு கிழமை அவளோடு இருந்து ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தமிழில் எனக்கு விளக்கச் சொன்னேன். விளக்கத் தெரிந்ததும் ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். வரைவிலக்கணம் மாதிரி அழகாக இல்லை, ஆனால் அவளுடையது. கனடாவில் 1965இல் தொடங்கிய பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளிலும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார்கள். வருடக்கணக்காக பிரெஞ்சில் பாடம் கேட்ட ஆங்கிலப் பிள்ளைகளுக்குக் கேட்டலும் வாசிப்பும் நன்றாக வந்தன, பேச்சும் எழுத்தும் பின்தங்கின. கேட்டால் மட்டும் போதாது, பிள்ளை தானே சொல்லி முடிக்கும்படி தள்ளப்பட வேண்டும் என்று மெரில் ஸ்வெயின் அதிலிருந்துதான் சொன்னார்.

ஆகவே பெற்றோருக்கு என் பதில் இது. ஒரு தமிழ்ப் பத்திரிகைச் செய்தியைப் பிள்ளையிடம் கொடுங்கள். வாசித்து, மூடிவைத்து, தன் சொல்லில் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் இருமொழிப் பிரிவில் சேர்க்கலாம். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் தமிழில் சந்தேகம் கேட்க விடுவாரா என்றும் கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே தடுமாறும் பிள்ளையை ஆங்கிலம் வரட்டும் என்று அங்கே அனுப்பினால் விஞ்ஞானமும் போய்விடும். வீட்டில் தமிழை நிறுத்துவது பற்றி யோசிக்கவே வேண்டாம். அம்மாவுக்கு வசமான மொழியில்தான் அம்மா கதை சொல்லுவார், வாதாடுவார், ஏன் எதற்கு என்று பிள்ளையைக் கேட்பார். அதை எடுத்துவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் 'ஈட், கம், ஸ்லீப்' என்று மட்டும் பேசினால் பிள்ளைக்கு எந்த மொழியிலும் நீளமான பேச்சே கிடைக்காது. வெள்ளவத்தையில் இப்படி வளரும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், தொடர்பாடல் திறன் எனக்கு உண்மையில் விளங்கியது அங்கேதான் என்பதால். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 சுற்றறிக்கைக்குப் பிறகு புதிதாகச் சேரும் அரச ஊழியர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். அப்படி வந்தவர்களுக்குத்தான் நான் தமிழ் படிப்பித்தேன். ஒரு உத்தியோகத்தர் எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளியோடு தேறியவர், உண்மையான ஆர்வம் உள்ளவர். ஒரு நாள் அவருடைய கவுன்டரில் நின்று பார்த்தேன். மலையகத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. இவர், "தங்களுடைய பெயர் யாது?" என்றார். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ பிழை செய்துவிட்டதுபோலச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அது சுத்தமான தமிழ், நான் படிப்பித்த தமிழ். பிழை என்னுடையது.

தமிழுக்கும் சிங்களத்துக்கும் எழுத்து ஒரு வழி, பேச்சு வேறு வழி. பேச்சில் 'மம யனவா' என்பது எழுத்தில் 'மம யமி' ஆகும். எங்கள் 'போறேன்' எழுத்தில் 'போகிறேன்' ஆவதைவிட அது பெரிய தாண்டல். இரண்டாம் மொழி வகுப்பு எழுத்து வழியில் தொடங்கினால் கற்பவர் வீதியில் யாரோடும் பேச முடியாது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து வரிசையை மாற்றினேன். 'பேர் என்னம்மா?', 'என்ன விஷயமா வந்தீங்க?', 'கொஞ்சம் இருங்க, பார்த்துச் சொல்றேன்' ஆகியவை முதலில். படிவம் வாசிக்கும் தமிழ் பிறகு. ஊழியர்களில் பாதிப்பேர் கவுன்டர், பாதிப்பேர் மக்கள். மக்களாக வருபவரின் பிரச்சினை துண்டில் எழுதி அவர் கையில் மட்டும் இருக்கும். இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே உத்தியோகத்தர் என்னிடம் வந்து, 'அம்மா' என்று சேர்த்துக் கேட்டால் ஆட்கள் முழுக் கதையும் சொல்கிறார்கள், இப்போது கேட்டு விளங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றார். அதைவிட நல்ல பெறுபேறு எனக்குத் தெரிந்து எந்தச் சான்றிதழிலும் இல்லை.

பரீட்சையை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண தரத்தில் பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிப்பது எழுதும் தாள்தான். ஆனால் கடிதம் எழுதும் வினாவுக்குப் பயிற்சி கொடுக்கும்போது வெறும் கற்பனைக் கடிதம் வேண்டாம். பக்கத்து வகுப்புக்கு உண்மையாகவே ஒரு அழைப்பு எழுதச் சொல்லுங்கள், அவர்கள் பதில் எழுதட்டும். வாசித்து விளங்கும் பந்தியை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள். மற்றப் பாதியைக் கேட்டு அறிந்த பிறகு வினாக்களுக்கு விடை எழுதட்டும். அதே பாடத்திட்டம்தான், அதே நேரம்தான்.

ஐந்தாறு பிள்ளைகள் முதல் தவணை முழுக்கப் பேசமாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குக் கடைக்காரர் வேலையைக் கொடுங்கள், விலையை மட்டும் சொன்னால் போதும். எண் சொல்லப் பயப்படும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கிருந்து மெல்ல வருவார்கள்.

இந்த வாரமே ஒரு துண்டுப் பாடம் செய்து பாருங்கள். எந்த எந்த இடத்தில் பிள்ளைகள் தமிழுக்குத் தாவினார்கள் என்று கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் கரும்பலகையில் எழுத வேண்டிய வசனங்கள் அவைதான்.